மின்வேலி எனர்ஜைசரின் உயர் மின்னழுத்த மின்னேற்றச் சுற்று

உயர் மின்னழுத்த மின்னேற்றச் சுற்று என்பது, 12 வோல்ட் பேட்டரி போன்ற தாழ்ந்த மூலம் ஒன்றிலிருந்து ஆற்றலைச் சிறுகச் சிறுக எடுத்து, ஒரு மின்தேக்கியைப் பல நூறு வோல்ட் அளவுக்கு நிரப்பும் மின்னணுச் சுற்று ஆகும். கேமராவின் ஃபிளாஷ் விளக்கிலும் கொசு அடிக்கும் பேட்டிலும் இருப்பது இதன் சிறு வடிவம். இதன் பெரிய வடிவத்தை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளின் மலையடிவாரத் தோப்புகளில் காணலாம். சோலார் மின்வேலியோடு இணைத்திருக்கும் எனர்ஜைசர் என்னும் பெட்டியே அது. அதன் உள்ளே ஒரு மின்தேக்கி நொடிக்கு ஒரு முறை நிரம்பி, நொடிக்கு ஒரு முறை காலியாகிறது. அந்தச் சுற்று எந்தக் கணக்கின்படி வடிவமைக்கப்படுகிறது, அதில் எதை மாணவர் தாமே செய்து பார்க்கலாம், எதைச் செய்து வேலியில் மாட்டக் கூடாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மலையடிவாரமும் வேலியும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையாக மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. 1988-இல் இங்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அதையும் மேகமலை வனப்பகுதியையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். காட்டின் விளிம்பிலேயே சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், செண்பகத்தோப்புப் பக்கத்து மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் தொடங்கிவிடுகின்றன. யானை தென்னங்குருத்தைத் தேடி வருகிறது. காட்டுப்பன்றி மக்காச்சோளத்தையும் கிழங்கையும் கிளறுகிறது. பத்து ஆண்டு வளர்த்த தென்னை ஓர் இரவில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவருக்கு வேலி வேண்டுமா என்ற கேள்வியே எழாது. எந்த வேலி என்பதுதான் கேள்வி.

இரண்டு வகை வேலிகள் ஒரே பெயரால் அழைக்கப்படுவது பெரிய குழப்பம். ஒன்று, பம்புசெட் அறையிலிருந்து கம்பியை இழுத்து நேராக வேலியில் மாட்டுவது. இது சட்டவிரோதம், யானையையும் கொல்லும், விடியற்காலையில் வரப்பில் நடப்பவரையும் கொல்லும், மாட்டியவரையே கொன்றதும் உண்டு. 2023 மார்ச் 7 அன்று தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. மற்றொன்று, எனர்ஜைசர் வழியாகத் துடிப்பு துடிப்பாக மின்சாரம் போகும் வேலி. தொட்டால் உதறித் தள்ளும், உயிரை எடுக்காது. இரண்டுக்கும் இடையில் நிற்பது ஒரு மின்தேக்கி.

230 வோல்ட் கொல்வதும் 4,000 வோல்ட் விட்டுவிடுவதும்

வோல்ட் கூடினால் ஆபத்து கூடும் என்று பள்ளியில் படித்தவருக்கு இது முரணாகத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எனர்ஜைசர்களைச் சோதிக்கும் தர நிர்ணயம், தொடும் உடலுக்குப் பதிலாக 500 ஓம் மின்தடையை வைத்து அளக்கிறது. அதே 500 ஓமை நாமும் எடுத்துக்கொள்வோம்.

வீட்டு மின்சாரமான 230 வோல்ட் அதன் வழியே 0.46 ஆம்பியர் செலுத்தும். ஒரு நொடியில் உடலில் இறங்கும் ஆற்றல் ஏறத்தாழ 106 ஜூல். அடுத்த நொடியில் இன்னொரு 106 ஜூல். யாராவது ஃபியூஸைப் பிடுங்கும் வரை அது நிற்காது. ஏனெனில் கம்பியின் மறுமுனையில் டிரான்ஸ்பார்மரும் துணைமின் நிலையமும் இருக்கின்றன. நொடிக்கு 100 முறை திசை மாறும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். "கரண்ட் இழுத்துப் பிடிச்சிருச்சு" என்று ஊரில் சொல்வது இதைத்தான். உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது நம் கைதான். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் மார்பு வழியே ஒரு நொடிக்கு மேல் பாய்ந்தால் இதயம் சீரிழந்து துடிக்கத் தொடங்கிவிடும்.

எனர்ஜைசரின் துடிப்பு 4,000 வோல்ட் என்று கொள்வோம். 500 ஓம் வழியே 8 ஆம்பியர் பாயும். எண்ணைப் பார்த்தால் பயங்கரம். ஆனால் அது பாய்வது ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. இறங்கும் ஆற்றல் 3.2 ஜூல். அத்துடன் முடிந்தது, பெட்டிக்குள் மின்தேக்கி காலி. மீண்டும் நிரம்ப ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் தசை தளர்ந்து, தொட்டவர் கையை இழுத்துக்கொள்வார். பன்றி கத்திக்கொண்டு ஓடிவிடும். ஆகவே மின்தேக்கி இங்கே ஒரு படி போன்றது. படியளவுக்கு மேல் அளக்க அதனால் முடியாது.

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 302-இன் 76-ஆம் பிரிவும், அதற்கு மூலமான பன்னாட்டுத் தர நிர்ணயமும் இதையே எண்களால் சொல்கின்றன. துடிப்பு நொடிக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. 500 ஓமில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது.

தொடக்கத்தில் மின்வேலிகள் இப்படி இருக்கவில்லை. நியூசிலாந்தில் 1930-களில் பில் கல்லாகர் என்பவர் மாடுகளுக்கான மின்வேலியைப் பரப்பினார். அக்கால வேலிகள் சில நூறு மீட்டர் நீளத்துக்கு மேல் பயன்படவில்லை. புல் உரசினாலே வலு இறங்கிவிடும். 1962-இல் அதே நாட்டின் டக் பிலிப்ஸ், மின்தேக்கியை நிரப்பி ஒரே வீச்சில் கொட்டும் முறையைக் கண்டறிந்தார். அதன் பிறகே வேலி கிலோமீட்டர் கணக்கில் நீண்டது.

படியின் அளவு

மின்தேக்கியில் தேங்கும் ஆற்றல் = ½ × மின்தேக்குத் திறன் × மின்னழுத்தத்தின் வர்க்கம். 30 மைக்ரோபாரட் மின்தேக்கியை 600 வோல்ட் வரை நிரப்பினால் 5.4 ஜூல் கிடைக்கும். வெளியே போகும் வழியில் மின்மாற்றியிலும் கம்பியிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுவதால் வேலியில் சேர்வது 5 ஜூலுக்கு உள்ளேயே நிற்கும். வர்க்கம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 600-க்குப் பதில் 850 வோல்ட் ஏற்றினால் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். படியின் அளவை மாற்றாமலே இரண்டு படி அளக்கும் தவறு இது.

மின்தேக்கியின் வகையும் முக்கியம். ஃபேனுக்குப் போடும் 'கண்டன்சர்', இரண்டு பேஸில் மோட்டார் ஓட்ட விவசாயிகள் சேர்க்கும் 'கண்டன்சர்' ஆகியவையும் மின்தேக்கிகளே; ஆனால் அவை மாறுதிசை மின்னோட்டத்தில் நிதானமாக வேலை செய்யப் பிறந்தவை. எனர்ஜைசரில் நிரம்பியது முழுவதும் கண்ணிமைக்கும் முன்பே வெளியேறுகிறது; அதுவும் நாளொன்றுக்கு 86,400 முறை. அதற்குத் துடிப்பு மின்னோட்டம் தாங்கும் பாலிபுரொப்பிலீன் படல மின்தேக்கி வேண்டும். மின்பகுளி வகை மலிவு. ஆனால் விரைவில் சூடாகி உப்பிவிடும்.

நிரப்பும் வழி

மின்தேக்கியை நிரப்ப எளிய வழி, ஒரு மின்தடை வழியாக மின்மூலத்தோடு இணைப்பது. இதில் இரண்டு குறைகள். மூலத்தின் மின்னழுத்தத்துக்கு மேல் மின்தேக்கி ஏறாது. 12 வோல்ட் பேட்டரியால் 12 வோல்ட்தான். இரண்டாவது குறை பலருக்கு வியப்பளிப்பது. மின்தடை எவ்வளவாக இருந்தாலும், மூலம் தரும் ஆற்றலில் சரிபாதி அந்த மின்தடையிலேயே வெப்பமாகிவிடும். பெரிய மின்தடை போட்டால் மெல்லச் சுடும். சிறியது போட்டால் சட்டென்று சுடும். பாதி போவது போவதுதான்.

எனவே எனர்ஜைசர்களில் பொதுவாகப் பயன்படுவது ஃபிளைபேக் முறை. 12 வோல்ட்டை ஒரு மின்தூண்டிச் சுருளில் கொஞ்ச நேரம் பாய விட்டு, மின்னோட்டம் ஏறியதும் மாஸ்ஃபெட் என்னும் சுவிட்சால் வெட்டிவிடுவார்கள். சுருளின் காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றலுக்குப் போக வழி வேண்டும். அதே உள்ளகத்தில் சுற்றிய இரண்டாம் சுருள் வழியாக, டையோடைத் திறந்துகொண்டு, அது மின்தேக்கியில் போய் விழும். கிணற்றில் ஏற்றம் இறைப்பது போல, ஒவ்வொரு சாலுக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு.

அந்தச் சாலின் அளவைத் தேர்வு செய்வதே வடிவமைப்பு. ஒரு சாலுக்கு 1 மில்லி ஜூல், நொடிக்கு 10,000 சால் என்று வைத்தால் திறன் 10 வாட். சுருளின் உச்ச மின்னோட்டம் 4 ஆம்பியர் என்றால், ½ × தூண்டல் எண் × 16 = 0.001 என்பதிலிருந்து தூண்டல் எண் 125 மைக்ரோஹென்றி வரும். 12 வோல்ட்டில் அது 4 ஆம்பியரை எட்ட ஏறத்தாழ 42 மைக்ரோநொடி ஆகும். ஒரு சுழற்சிக்கு 100 மைக்ரோநொடி இருக்கிறது. மீதி நேரம் கொட்டுவதற்குப் போதும். 5.4 ஜூல் நிரம்ப 5,400 சால், அதாவது அரை நொடிக்குச் சற்று மேல். இழப்புகளையும் சேர்த்தால்கூட ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இதில் ஓர் அழகு உண்டு. ஒவ்வொரு சாலும் சம ஆற்றல் தருவதால் மின்னழுத்தம் சால்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலமாக ஏறுகிறது. முதல் 1,350 சாலிலேயே 300 வோல்ட் வந்துவிடும். அடுத்த 300 வோல்ட்டுக்கு 4,050 சால் தேவை. மின்தேக்கி நிரம்ப நிரம்பச் சுற்று தளர்வது போலத் தெரிந்தாலும் அது ஒரே வேகத்தில்தான் இறைத்துக்கொண்டிருக்கிறது.

பாகங்களைத் தேர்வதில் சில இடங்கள் வழக்கமாகச் சறுக்குகின்றன. ஃபெரைட் உள்ளகத்தில் சிறு காற்று இடைவெளி இல்லையென்றால் காந்தம் நிறைந்து மாஸ்ஃபெட் எரியும். ஆற்றல் பெரிதும் தேங்குவது அந்த இடைவெளியில்தான். சுருள்களின் விகிதம் 1:15 என்றால் மாஸ்ஃபெட்டின் மேல் விழுவது 600-இல் 15-இல் ஒரு பங்கான 40 வோல்ட், அத்துடன் பேட்டரியின் 12, ஆக 52 வோல்ட். வெட்டும்போது எழும் கூர்முனைகளுக்கும் இடம் விட்டு 100 வோல்ட் மாஸ்ஃபெட் போடலாம். டையோடின் மேல் 600-உம், 12-இன் 15 மடங்கான 180-உம் சேர்ந்து 780 வோல்ட் எதிர்த்திசையில் நிற்கும். 1,000 வோல்ட் தாங்கும் வகை வேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்கும் 4007 டையோடு 1,000 வோல்ட் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நொடிக்கு 10,000 முறை திறந்து மூட அதற்கு வேகம் போதாது. வேகமாக மீளும் வகை டையோடே பொருந்தும்.

போதும் என்று சொல்லும் பகுதி

இறைப்பதைவிட நிறுத்துவது முக்கியம். ஃபிளைபேக்குக்கு இயல்பான உச்சவரம்பு இல்லை; நிறுத்தாவிட்டால் மின்தேக்கியின் காப்பு துளைபடும் வரை ஏற்றிக்கொண்டே போகும். அதற்காக மின்தேக்கியின் குறுக்கே 4 மெகா ஓம், 10 கிலோ ஓம் கொண்ட பகுப்பான் ஒன்றைப் போட்டு, 600 வோல்ட்டை ஏறத்தாழ 1.5 வோல்ட்டாகச் சுருக்குவார்கள். ஒப்பிடும் சுற்று ஒன்று அந்த 1.5-ஐக் கண்டதும் இறைப்பதை நிறுத்தும். 4 மெகா ஓமை ஒரே மின்தடையாகப் போடக் கூடாது. சாதாரணக் கால் வாட் மின்தடைகள் தாங்குவது பெரும்பாலும் 250 வோல்ட் அளவே. நான்கு 1 மெகா ஓமைத் தொடராகச் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் 150 வோல்ட்.

நிரம்பியதைக் கொட்டுவது தைரிஸ்டர். நேரக்காட்டிச் சுற்று நொடிக்கு ஒரு முறை அதைத் தட்டிவிட, மின்தேக்கி முழுவதும் துடிப்பு மின்மாற்றியின் முதல் சுருளில் பாய்ந்து, இரண்டாம் சுருளில் பல ஆயிரம் வோல்ட்டாக வேலிக்குப் போகிறது. தைரிஸ்டர் ஒரு முறை திறந்தால் மின்னோட்டம் வற்றும் வரை மூடாது. ஆகவே அது கொட்டும்போது மின்னேற்றும் சுற்று நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் இறைப்பது எல்லாம் திறந்த மடை வழியே ஓடிக்கொண்டே இருக்கும். மின்தேக்கி மறுபடி நிரம்பவே நிரம்பாது. புதிதாகச் செய்பவர்கள் நாள் கணக்கில் தேடும் பிழை இது.

பேட்டரிக் கணக்கு குறுகியது. துடிப்புக்கு 5.4 ஜூல், திறன்விகிதம் 70 விழுக்காடு எனில் சராசரி 7.7 வாட், 12 வோல்ட்டில் 0.64 ஆம்பியர். நாள் முழுதும் ஓடினால் 15.4 ஆம்பியர்-மணி. ஐந்து மணி நேர நல்ல வெயிலில் இதை ஈடுசெய்ய 40 வாட் பலகை மட்டாகப் போதும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் வெயில் இல்லாமல் போகக்கூடும். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கவும் கூடாது. ஆகவே 100 ஆம்பியர்-மணி பேட்டரி.

மாணவர் செய்து பார்க்கத் தக்கது

600 வோல்ட்டில் நிரம்பிய 30 மைக்ரோபாரட் மின்தேக்கி, மின்மாற்றியோ துடிப்பு அளவோ இல்லாமல் நேரடியாக ஒருவர் கையில் கிடைத்தால், அது வேலித் துடிப்பு அல்ல. நெஞ்சின் குறுக்கே பாய்ந்தால் உயிர்போகும் வாய்ப்புள்ள மின்னிறக்கம். மின்வேலி பாதுகாப்பானது என்பதால் அதன் உட்புறமும் பாதுகாப்பானது என்று எண்ணிப் பெட்டியைத் திறப்பவர்கள் உண்டு. பழைய ஃபிளாஷ் கேமராவைப் பிரித்தவர்களுக்கு இது தெரியும். அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிரம்பிய மின்தேக்கி பேட்டரியைக் கழற்றிய பின்னும் நெடுநேரம் காத்திருக்கும்.

ஆகவே கற்பதற்கு 12 வோல்ட் மாதிரியே போதும். 1,000 மைக்ரோபாரட், 25 வோல்ட் மின்தேக்கி ஒன்றை 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 12 வோல்ட் பேட்டரியோடு இணைத்து, மல்டிமீட்டரை மின்தேக்கியின் குறுக்கே வைக்க வேண்டும். இதன் நேர மாறிலி 10 நொடி. 10-ஆம் நொடியில் 7.6 வோல்ட், 20-இல் 10.4, 30-இல் 11.4 என்று ஏறும். மின்பகுளி மின்தேக்கிகளின் அளவில் 20 விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் இருப்பதால் எண்கள் சற்று மாறலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, 1 கிலோ ஓம் மின்தடையோடு சேர்ந்த எல்.இ.டி. ஒன்றைத் தொடுக்க, அது ஒளிர்ந்து மங்கும். தேங்கிய ஆற்றல் 0.072 ஜூல்தான் என்பதால் தொட்டாலும் ஒன்றுமில்லை. மின்முனை மாற்றி மட்டும் மாட்டக் கூடாது. மின்பகுளி வகை வெடிக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் உயர் மின்னழுத்தச் சுற்றைத் தொடும் நிலை வந்தால், முதலில் போட வேண்டிய பாகம் வடிகால் மின்தடை. நான்கு 270 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக மின்தேக்கியின் குறுக்கே நிலையாகப் பற்றவைத்தால், மின்சாரம் நின்றபின் 600 வோல்ட் 60 ஆக இறங்க முக்கால் நொடி அல்ல, 75 நொடி ஆகும். இரண்டே முக்கால் நிமிடத்தில் 4 வோல்ட் அளவுக்கு வரும். அதன் பிறகும் மீட்டரால் அளந்து, 1 கிலோ ஓம், 10 வாட் கம்பிச்சுற்று மின்தடையைக் காப்பிட்ட பிடியோடு தொடுத்து வடித்து, மீண்டும் அளக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்க விடுவது மின்தேக்கியையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். காலி செய்த மின்தேக்கியில் சிறிது நேரத்தில் தானாக மின்னழுத்தம் தலைகாட்டும். காப்புப் பொருளுக்குள் ஊறி நின்ற மின்னூட்டம் அது. வேலை முடியும் வரை முனைகளை ஒரு கம்பியால் இணைத்தே வைக்க வேண்டும். ஒரு கை வேலை செய்யும்போது மறு கை சட்டைப்பையில் இருக்கட்டும் என்று பழைய மின்பணியாளர்கள் சொல்வது, மின்னோட்டம் கைக்குக் கை நெஞ்சு வழியே பாயாதிருக்கத்தான்.

ஆனால் இவ்வளவும் தேர்ந்து செய்த சுற்றையும் வேலியில் மாட்டக் கூடாது. சுற்று சரியாக ஓடும்போது அது பாதுகாப்பானது என்பதை யாராலும் காட்ட முடியும். தர நிர்ணயச் சோதனை கேட்பது வேறு: ஏதாவது ஒரு பாகம் கெட்டுப்போனால் என்ன ஆகும்? நேரக்காட்டியில் ஒரு மின்தடை விட்டுப்போய் நொடிக்குப் பத்து துடிப்பு வந்தால், தொட்ட கையை எடுக்க இடைவெளி இருக்காது. பேட்டரியை மின்னேற்ற வைத்த மலிவான சார்ஜரின் காப்பு முறிந்தால், வீட்டு மின்சாரமே சுற்றைக் கடந்து வேலிக்கு வந்து நிற்கும். அப்போது அது முதலில் சொன்ன கள்ள வேலிதான். ஐஎஸ் முத்திரை பெற்ற பெட்டிக்கும் கைப்படச் செய்ததற்கும் உள்ள விலை வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கான விடை.

தோப்பில்

வேலி வேலை செய்யாவிட்டால் பலரும் எனர்ஜைசரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் மண்ணில் இருக்கும். துடிப்பு கம்பியிலிருந்து விலங்கின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியே பெட்டிக்குத் திரும்ப வேண்டும். சித்திரை, வைகாசியில் மலையடிவாரத்துச் சரளை மண் காய்ந்து கிடக்கும்போது அந்தப் பாதை அடைபடும். எர்த் குழியை ஆழப்படுத்தி, ஒன்றுக்கு மூன்று கம்பி இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றுவது பயன் தரும். மழைக்காலத்தில் சிக்கல் எதிர்ப்பக்கம்: வளர்ந்த புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டு ஒவ்வொரு துடிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். வேலிக்கான மீட்டரை வைத்துக் கடைசி முனையில் அளந்தால் எவ்வளவு போகிறது என்று தெரியும்.

யானை இதற்கெல்லாம் தன் வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. தந்தம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனால் கம்பியைத் தந்தத்தால் தள்ளும். தந்தமில்லாத யானை மரத்தை வேலிமேல் சாய்த்துவிட்டு நடந்து வரும். அதனால் கம்பத்தையும் சுற்றிக் கம்பி கட்டுகிறார்கள்; வேலியை ஒட்டிய மரங்களை முன்பே கழித்துவிடுகிறார்கள்.